மோசல் ரீஸ்லிங்: புளிப்பின் சார்பில் ஒரு வக்காலத்து

ஜெர்மன் ஒயின் லேபிளைக் கண்டு மிரளாதவர்கள் குறைவு. ஊர்ப்பெயர், தோட்டத்தின் பெயர், திராட்சையின் பெயர், தரப்பெயர், அரசுச் சோதனை எண் என்று உள்ளங்கை அகலக் காகிதத்தில் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்குச் சிலர் இன்றும் பழைய கோதிக் எழுத்தில் அச்சடிக்கிறார்கள். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினில் எதை வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்டால் நான் இவற்றையெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் ஆல்கஹால் அளவை மட்டும் பாருங்கள் என்பேன். 12 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் இனிப்பு அநேகமாகத் தெரியாது. 8 சதவீதம் என்றிருந்தால் நிச்சயம் தெரியும். திராட்சையின் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறுவதற்குள் நொதித்தல் நின்றுவிட்டது என்று பொருள்.

8 என்ற எண்ணைப் பார்த்ததும் புட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இனிப்பு ஒயின் என்றால் விவரம் தெரியாதவர்கள் குடிப்பது, இல்லாவிட்டால் சாப்பாடு முடிந்து கேக்கோடு குடிப்பது என்ற எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் விளையும் காபினெட் வகை, அதாவது தரவரிசையின் முதல் படியில் நிற்கும் மெலிந்த ரீஸ்லிங்கைப் பொறுத்தவரை இரண்டுமே தப்பு. அது சாப்பாட்டு மேசைக்கென்றே பிறந்த ஒயின். உப்பும் கொழுப்பும் புகை வாசமும் உள்ள ஒரு தட்டுக்குப் பக்கத்தில் அதற்கு ஈடாக இன்னொன்றை நான் குடித்ததில்லை. கேக்கோடு குடித்தால்தான் அது வீணாகிறது. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் கணக்கு. சாதாரணமாக ஒரு மோசல் காபினெட்டில் லிட்டருக்கு 40 முதல் 50 கிராம் வரை சர்க்கரை மிஞ்சியிருக்கும். ஒரு லிட்டர் கோலாவில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. இதைக் கேட்டதும் பலர் கையை உதறிவிடுவார்கள். ஆனால் அதே லிட்டரில் 8, 9 கிராம் அமிலமும் இருக்கிறது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எலுமிச்சைச் சாற்றை அப்படியே குடித்தால் முகம் கோணுகிறது. சர்க்கரைத் தண்ணீரை மட்டும் குடித்தால் குமட்டுகிறது. இரண்டும் அளவோடு சேர்ந்துவிட்டால் இனிப்பா புளிப்பா என்று யாரும் யோசிப்பதில்லை, இன்னொரு டம்ளர் கேட்கிறோம். நல்ல காபினெட்டும் நாக்கில் அதையேதான் செய்கிறது. ஒரே 45 கிராம் சர்க்கரை உள்ள இரண்டு ஒயின்களில் ஒன்று பாகாக ஒட்டுவதற்கும் மற்றொன்று துள்ளுவதற்கும் அமிலமே காரணம். சர்க்கரை அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவரோடு நான் ஒயின் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

அந்த அமிலத்தைக் கொடுப்பது குளிர். திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும்; எங்கும் இதுதான் நடக்கும். கொடி மூச்சுவிடுவதற்கு மாலிக் அமிலத்தை எரிக்கிறது. இரவு வெப்பமாக இருந்தால் வேகமாக எரிக்கும், குளிர்ந்தால் மிச்சப்படுத்தும். மோசல் பள்ளத்தாக்கு 50ஆம் அட்சரேகையை ஒட்டிக் கிடக்கிறது. திராட்சை ஒழுங்காகப் பழுக்கக்கூடிய பிரதேசத்தின் வட விளிம்பு என்று வெகுகாலம் கருதப்பட்ட இடம். ரீஸ்லிங்கோ தாமதமாகப் பழுக்கிற ரகம். அக்டோபர் முழுக்கக் கொடியிலேயே தொங்கும், நவம்பரிலும் பறித்த காலம் உண்டு. பகலில் கொஞ்சம் வெயில், இரவில் நல்ல குளிர், காலையில் ஆற்றிலிருந்து எழும் பனிமூட்டம். இப்படி நிதானமாக நாளைக் கடத்தும் பழத்தில் வாசனைகள் நிறைந்துவிடுகின்றன, ஆனால் சர்க்கரை பெரிதாக ஏறியிருப்பதில்லை, புளிப்பும் விட்டுப்போவதில்லை. வெப்பப் பிரதேசங்களில் வாசனை வந்து சேர்வதற்குள் சர்க்கரை எங்கோ போயிருக்கும். அங்கே 8 சதவீதத்தில் சுவையான ஒயின் செய்வது கனவு.

வெயில் போதாத ஊரில் வெயிலைப் பிடிக்கச் சரிவு வேண்டும். மோசல் பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு, ட்ரியர் நகரத்தைக் கடந்து, கோப்லென்ஸில் ரைனோடு கலக்கிறது. ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் அது நேராக ஓடுவதே இல்லை. வளைந்து வளைந்து போவதால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கரை தெற்கு நோக்கித் திரும்பி நிற்கிறது. கொடிகளை அந்தக் கரைகளில்தான் நட்டிருக்கிறார்கள். பிரெம் என்ற ஊரின் கால்மோண்ட் சரிவு சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் செங்குத்தாக எழுகிறது. அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சிறு இழுவை வண்டியில் ஆளும் கூடையும் போகிறார்கள், மிச்சமெல்லாம் கைவேலை.

அந்தச் சரிவுகளில் நடந்து பார்த்தால்தான் நிலத்தின் விசித்திரம் தெரியும். மண் என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகிப் பலகைக் கல்லாகி, இப்போது தகடு தகடாக உடைந்து கிடக்கிறது. வேலன் ஊர்ப் பக்கம் சாம்பல் கலந்த நீலம். சற்றுக் கீழே ஊர்ட்சிக் வந்ததும் கல் செம்பழுப்பாக மாறிவிடும். காலை வைத்தால் சில்லுகள் கலகலவென்று சரியும். மழைக்கு அடித்துக்கொண்டு போன கல்லைத் திரும்பக் கூடையில் சுமந்து மேலே கொட்டுவது இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. செப்டம்பரில் ஒரு மாலை, சூரியன் எதிர்மலைக்குப் பின்னால் இறங்கிக் காற்று சில்லிட்டுவிட்ட பிறகு, ஒரு கல்தகட்டை எடுத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமான சட்டியின் சூடு அதில் இருந்தது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொத்துகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு மரக்கம்பு. இரண்டு கிளைகளை இருபுறமும் வளைத்து இதய வடிவில் அதில் கட்டியிருக்கிறார்கள். கம்பி வேலி குறுக்கே இல்லாததால் சரிவில் பக்கவாட்டாகவும் நகர முடிகிறது. வேரைத் தின்னும் பூச்சி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தபோது இந்தக் கல்லுக்குள் அதனால் சுலபமாகப் பரவ முடியவில்லை. பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுப்போடாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கிழட்டுக் கொடிகள் இங்கே இன்னும் உண்டு.

வேலன் சரிவின் நடுவில் பாறையில் பெரிய சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. யோடோகுஸ் ப்ரூம் என்பவர் 1842இல் தோட்ட வேலையாட்கள் நேரம் பார்ப்பதற்காக அமைத்தது. தோட்டத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. வேலனர் சொன்னன்ஊர் என்று லேபிளில் பார்த்தால் இதுதான்.

இனி கோப்பைக்கு வரலாம். இளம் காபினெட்டைத் திறந்தவுடன் மூக்கை உள்ளே விட்டால் முதலில் பழம் எதுவும் வராது. தீக்குச்சி கிழித்து அணைத்த வாடை வரும். தோட்டத்திலும் நிலவறையிலும் தானாக வாழும் ஈஸ்டை நம்பி நொதிக்க விடுகிற தயாரிப்பாளர்களின் ஒயினில் இது சகஜம். புட்டி கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கோப்பையைச் சுழற்றிவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்தால் அது விலகும். பிறகு பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், வெள்ளைப் பீச், நல்ல ஆண்டாக இருந்தால் மெல்லிய பூவாசம். வாயில் விட்டதும் நாக்கு நுனியில் சுருக்கென்று பொடிக் குமிழிகள். நொதித்தலில் உண்டான வாயு கொஞ்சம் கரைந்தபடியே புட்டிக்குள் போயிருக்கிறது. இனிப்பு முதலில் வந்து உட்காரும். அது உட்கார்ந்து முடிவதற்குள் இரு கன்னங்களின் உட்பக்கத்திலும் எச்சில் ஊறத் தொடங்கும். விழுங்கிய பிறகு இனிப்பு இருந்த சுவடு தெரியாது. உப்பைத் தொட்ட நாக்குப் போல ஏதோ ஒன்று மட்டும் நெடுநேரம் நிற்கும். இதைக் 'கல்லின் சுவை' என்று விற்பனைப் பிரசுரங்கள் எழுதுகின்றன. வேர் கல்லைக் கரைத்துக் குடித்துச் சுவையாகத் தருகிறது என்பதை நான் நம்பவில்லை. பலகைக் கல் தருவது சூடும் வடிகாலும்தான். ஆனால் வாயில் உணர்கிற அந்தச் சங்கதி பொய்யில்லை. அதற்குப் பெயர் வைப்பதில்தான் தகராறு.

புட்டியின் அடியில் கண்ணாடிப் பொடி போன்ற படிகங்களைப் பார்த்துப் பயந்துபோய்த் தொலைபேசியில் அழைத்த நண்பர் உண்டு. அது டார்டாரிக் அமிலம் உப்பாகப் படிந்தது. புளியில் இருக்கிற அதே அமிலம். குளிர்ந்தால் படியும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

பத்து, பதினைந்து ஆண்டுகள் கிடந்த ரீஸ்லிங்கில் வேறொரு வாசனை எழும்: மண்ணெண்ணெய். சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை, மண்ணெண்ணெய்தான். பழத்தோலில் உள்ள கரோட்டினாய்டுகள் சிதைந்து காலப்போக்கில் உருவாகும் டி.டி.என். என்ற சேர்மம் அதற்குக் காரணம். வேறு எந்தத் திராட்சையையும்விட ரீஸ்லிங்கில் இது கூடுதல். பழத்தில் வெயில் எவ்வளவுக்கெவ்வளவு நேரடியாகப் படுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு அதிகமாகும். அதனால் ஆஸ்திரேலிய ரீஸ்லிங்கில் சீக்கிரமே தலைகாட்டும், மோசலில் ஆண்டுகள் கழித்துத்தான். தேனும் காய்ந்த பாதாமிப் பழமும் (ஆப்ரிகாட்) சூழ, பின்னணியில் மெல்லிசாக அது வந்தால் எனக்குப் பிடிக்கும். இரண்டே வயதான ஒயினில் முன்னால் வந்து நின்றால் பிடிக்காது.

சர்க்கரைக்குத் திரும்புவோம், அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. மோசலில் திராட்சை ரோமானியர் காலத்திலிருந்தே உண்டு. பீஸ்போர்ட்டில் 4ஆம் நூற்றாண்டுப் பிழிகூடம் ஒன்றை 1985இல் தோண்டி எடுத்தார்கள். ஆனால் ரீஸ்லிங் ஆட்சிக்கு வந்தது பிற்பாடு. ட்ரியரின் ஆட்சியாளராகவும் பேராயராகவும் இருந்த கிளெமென்ஸ் வென்ட்செஸ்லாவுஸ் 1787இல், மட்டமான கொடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நல்ல ரகங்களை நட வேண்டும் என்று ஆணை போட்டார். கொடி நல்ல ஜாதியானது, ஊரோ குளிர் ஊர். ஆக, பல ஆண்டுகளில் பழம் பழுக்கவே இல்லை. விவசாயிகள் கையில் மிஞ்சியது விற்க முடியாத புளிப்பு. பிரஷ்ய ஆட்சியில் வரியும், 1834இல் வந்த ஜெர்மன் அரசுகளின் சுங்க ஒன்றியத்தால் தெற்கத்தி ஒயின்களின் போட்டியும் சேர்ந்து அவர்களை ஒடித்தன. ட்ரியரில் பிறந்த ஒரு பத்திரிகை ஆசிரியர் 1843 ஜனவரியில் மோசல் திராட்சை விவசாயிகளின் வறுமையைப் பற்றி ரைனிஷே ட்சைட்டுங் நாளிதழில் கட்டுரைகள் எழுதினார். அரசாங்கத்துக்கு ஆகவில்லை. அந்த ஆண்டே பத்திரிகை மூடப்பட்டது. ஆசிரியரின் பெயர் கார்ல் மார்க்ஸ்.

அதே ட்ரியரைச் சேர்ந்த லுட்விக் கால் வேறு வழி சொன்னார்: புளித்த சாற்றில் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து நொதிக்க விடுங்கள், புளிப்பு இறங்கும், ஆல்கஹால் ஏறும். பசியில் இருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. ஒயினின் கௌரவத்துக்கு ஊறு செய்தது. கலப்படமில்லாத ஒயின் எது என்ற சண்டை அங்கிருந்து தொடங்கிப் பல தலைமுறைகள் நீண்டது. 1971 சட்டம் வகுத்த தரவரிசையில், பழத்தின் சர்க்கரை ஏற ஏற, காபினெட், ஸ்பேட்லேசே, ஆவுஸ்லேசே என்று வரும் எதிலும் நொதிப்பதற்கு முன் சர்க்கரை சேர்க்கக் கூடாது. அதில் இனிப்பு இருந்தால் பழத்திலிருந்து வந்ததுதான். அந்த இனிப்பைப் புட்டிக்குள் நிலையாக நிறுத்தும் கலைகூட அப்படியொன்றும் பழமையானதல்ல. பழைய நிலவறைகளில் ஆயிரம் லிட்டர் பிடிக்கும் ஃபூடர் பீப்பாயில் நொதிக்கும் சாறு டிசம்பர் குளிரில் தூங்கிவிடும். வசந்தத்தில் மறுபடி விழித்துக்கொண்டாலும் விழித்துக்கொள்ளும். ஈஸ்டைத் துப்புரவாக வடிகட்டும் கருவிகள் 20ஆம் நூற்றாண்டில் வந்த பிறகுதான் வேண்டிய இடத்தில் நிறுத்துவது உறுதியாயிற்று.

அதே 1971 சட்டம் ஒரு பெரிய அநியாயத்துக்கும் வழிவிட்டது. பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஷென் என்றால் புகழ்பெற்ற ஒரு செங்குத்துச் சரிவு. பீஸ்போர்ட்டர் மிகெல்ஸ்பெர்க் என்றால் சுற்றியுள்ள பல ஊர்களின் சமவெளித் தோட்டங்களும் சேர்ந்த கூட்டுப்பெயர். உள்ளே இருப்பது பெரும்பாலும் ம்யுல்லர்-துர்காவ் என்ற வேறு திராட்சை. கடையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ரைன் பக்கத்திலிருந்து லீப்ஃப்ராவ்மில்க் என்ற மலிவான இனிப்பு ஒயினும் 1970, 80களில் வெள்ளமாக ஏற்றுமதியாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் போர்தோ பகுதியின் பெரிய ஒயின்களுக்குச் சமமாகவும் அதற்கு மேலும் விலை போன ரீஸ்லிங், உலகத்தின் கண்ணில் பாட்டிமார் குடிக்கும் சர்க்கரைத் தண்ணீர் ஆனது இப்படித்தான். வெட்கப்பட்டுப்போன ஜெர்மானியர்களே இனிப்பைக் கைவிட்டு ட்ரோக்கன் பக்கம் சாய்ந்தார்கள். ட்ரோக்கன் என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது. நல்ல ட்ரோக்கன் அருமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் 8 சதவீதத்தில் இத்தனை சுவையைக் கொண்டுவர உலகில் மிகச் சில இடங்களால்தான் முடியும். 12.5 சதவீத, இனிப்பில்லாத வெள்ளை ஒயினை எல்லோராலும் செய்ய முடியும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன்.

ஒயினும் உணவும் சேரும்போது நாக்கில் நடப்பதை நான்கைந்து வாக்கியங்களில் சொல்லிவிடலாம். உணவில் உப்பு இருந்தால் ஒயினின் புளிப்பு மென்மையாகிறது. உணவு புளித்தால் ஒயினின் புளிப்பு குறைந்ததாகத் தோன்றுகிறது; போதிய புளிப்பில்லாத ஒயின் அங்கே சப்பென்றாகிவிடும். கொழுப்பை அமிலம் அறுக்கிறது. உணவில் இனிப்பு இருந்தால் ஒயினின் இனிப்பு மறைந்து அமிலம் மட்டும் துருத்திக்கொள்கிறது. கேக்குக்குப் பக்கத்தில் காபினெட் செத்துப்போவது இதனால்தான். லிட்டருக்கு 45 கிராம் சர்க்கரை உள்ள ஒயின் திடீரென்று வெறும் புளித்த தண்ணீராகிவிடும். மணமகளின் தட்டில் இருந்த மூன்றடுக்குக் கேக்குக்கு நல்ல காபினெட் ஊற்றியதை ஒரு திருமணத்தில் பார்த்து நொந்துபோனேன்.

இதே விதிகளை வைத்துக்கொண்டு மோசல்காரர்களின் தட்டைப் பாருங்கள். ஆற்றின் ஒரு பக்கம் ஐஃபல் மலை, மறுபக்கம் ஹூன்ஸ்ருக் மலை. இரண்டின் ஓடைகளிலும் ட்ரௌட் மீன் உண்டு. உப்பு நீரில் ஊறவைத்து மரப்புகையில் வாட்டிய ட்ரௌட்டோடு, கடுகைப் போல மூக்கில் ஏறும் மீர்ரெட்டிஹ் கிழங்கைத் துருவி, பாலாடையில் கலந்து வைப்பார்கள். மீனில் உப்பு, புகை, எண்ணெய், கிழங்கில் காரம், பாலாடையில் கொழுப்பு. காபினெட் ஒரு மிடறு போனதும் இவை ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குப் போய் நின்றுகொள்ளும். புகைக்கு எதிரில் அந்தக் கொஞ்சம் இனிப்பு மிக அவசியம். இதே தட்டுக்கு ட்ரோக்கனைக் குடித்துப் பார்த்திருக்கிறேன்; புகையின் கசப்பு மேலே வந்து ஒயின் மெலிந்துபோனது.

பன்றி இறைச்சியும் அப்படித்தான். உப்புக் கண்டமும் ஊறிய முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கு மசியலும் ஒன்றாகக் கிளறிய கிரேவெஸ் என்றொரு பண்டம் மோசலில் உண்டு. பார்ப்பதற்கு லட்சணமாக இருக்காது. முட்டைக்கோஸின் லாக்டிக் புளிப்பு மற்ற வெள்ளை ஒயின்களை அடித்துப்போடும். ரீஸ்லிங்குக்கு மட்டும் அது சம பலமுள்ள எதிராளி. இங்கே ஃபைன்ஹெர்ப் என்ற நடுத்தர வகை, அதாவது ட்ரோக்கனைவிடக் கொஞ்சம் இனிப்பும் காபினெட்டைவிடக் கொஞ்சம் உறுதியும் உள்ளது, இன்னும் பொருந்தும்.

வசந்தத்தில் வெள்ளை அஸ்பாரகஸ் வந்துவிட்டால் ஜெர்மனியே அதன் பின்னால் ஓடும். ஜூன் 24, யோவான் திருநாளோடு பறிப்பு நிற்கும். வெண்ணெயும் முட்டையும் அடித்த ஹாலண்டேஸ் சாஸ், பன்றித் தொடை, புது உருளைக்கிழங்கு. இதற்கு மட்டும் நான் காபினெட்டை எடுப்பதில்லை. தண்டின் மெல்லிய கசப்புக்கு இனிப்பு ஒத்துவராது. ட்ரோக்கன்தான் சரி. இலையுதிர்காலத்தில் வெங்காயக் கேக்கோடு பாதி நொதித்துக் கலங்கிய ஃபெடர்வைஸரைக் குடிப்பது இன்னொரு பருவப் பைத்தியம். அது ஒயினே இல்லை, ஆனாலும் ஒரு கோப்பை தப்பாது.

மிளகாய்க்கும் ரீஸ்லிங்குக்கும் கல்யாணம் செய்துவைக்காத உணவுப் பக்கமே இப்போது இல்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. மிளகாயின் எரிச்சலை மூளைக்குச் சொல்லும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது; 14 சதவீதச் சிவப்பு ஒயினைக் காரத்தின் மேல் ஊற்றுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதுதான். 8 சதவீதத்தில் அந்த ஆபத்து குறைவு, சர்க்கரை வேறு எரிச்சலை ஆற்றும். அதுவரை சரி. ஆனால் காரம் ஓரளவைத் தாண்டினால் நாக்குக்கு ஒயினின் நுட்பம் எதுவும் தெரியாது. பாதாமியா பீச்சா என்று தேடித் தேடிச் செய்த ஒயினைக் காரத்தை அணைக்கும் தண்ணீராகப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல காரமான நண்டுக் குழம்புக்கு நான் ஒயின் எடுப்பதே இல்லை. மோர் இருக்கிறது.

சொதி வேறு கதை. ஜெர்மனியில் ஈழத் தமிழர்கள் ஏராளம். நான் குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்த்தளத்து யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில் இடியாப்பமும் சொதியும் சாப்பிடக் கூப்பிட்டபோது ஒரு புட்டி காபினெட்டைக் கொண்டுபோனேன். தேங்காய்ப் பாலின் கொழுப்பு, கீறிப் போட்ட பச்சை மிளகாயின் அளவான காரம், மஞ்சள், இறக்கிய பிறகு பிழிந்த தேசிக்காய்ப் புளிப்பு. ஒயினில் இருக்கிற எலுமிச்சை வாசமும் சொதியில் இருக்கிற எலுமிச்சை வாசமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. அக்கா கால் கோப்பை மட்டும் ஊற்றச் சொல்லிக் குடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதிலே வெறி வருமா?" என்று சந்தேகமாகக் கேட்டார். பீரைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றேன். புட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். பொரித்த மீனுக்கும் இது நன்றாகப் போகும். புளிக்குழம்புக்குப் போகாது, புளியின் கனத்துக்கு முன்னால் ஒயின் இளைத்துவிடும்.

பாலாடைக்கட்டிக்கு முதிர்ந்த ஆவுஸ்லேசே. நீலப் பூஞ்சைக் கட்டியின் உப்புக்கும் அதன் தேன் இனிப்புக்கும் உள்ள உறவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பழத்தில் என் தேர்வு, மோசல் சரிவுகளின் ஓரங்களில் விளையும் சிவப்புத் தோட்டப் பீச். உள்ளே சதை செக்கச்செவேலென்று இருக்கும், அப்படியே தின்றால் துவர்க்கும். சர்க்கரை அதிகம் போடாமல் வேகவைத்துத் தருவார்கள். ஒயின் தின்பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு இது உட்படும்.

இவற்றையெல்லாம் சாப்பிட உணவகம் தேடிப் போவதைவிட, வாசலில் பசுங்கொத்தோ மலர் வளையமோ தொங்கும் விவசாயி வீட்டைத் தேடுவது மேல். ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்பார்கள். ஒயின் விளைவிப்பவர் தன் சொந்த ஒயினை ஆண்டுக்கு நான்கு மாதம் மட்டும், 40 இருக்கைகளுக்கு மிகாமல், தனி உரிமம் இல்லாமல் தன் வீட்டிலேயே விற்கச் சட்டம் இடம் தருகிறது. உணவும் எளிமையானதாகத்தான் இருக்க வேண்டும்: ரொட்டி, தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி, புகையிட்ட மீன். கோப்பை நன்றாகக் குளிர்ந்து வரும். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை வெளியே வராது, 8 முதல் 10 டிகிரி போதும். உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் தானாக அந்தச் சூட்டுக்கு வந்துவிடும்.

அப்படியொரு வீட்டில், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், தோட்டக்காரர் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். பேச்சு பருவநிலையைப் பற்றிப் போயிற்று. சாற்றின் சர்க்கரையை ஜெர்மனியில் எக்ஸ்லே என்ற அளவையால் சொல்வார்கள். மோசலில் காபினெட் என்று எழுதக் குறைந்தது 70 எக்ஸ்லே வேண்டும். "என் அப்பா அக்டோபர் முழுக்க வானத்தைப் பார்த்தபடி 70 வருமா என்று கவலைப்படுவார். நான் செப்டம்பரில் 85ஐத் தாண்டிவிடுமோ என்று கவலைப்படுகிறேன்" என்றார். இன்று காபினெட் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, சர்க்கரைக் கணக்குப்படி பார்த்தால், அந்தக் காலத்து ஸ்பேட்லேசே. கொத்துகளுக்கு வெயில் படவேண்டும் என்று இலை கிள்ளிய குடும்பங்கள் இப்போது நிழலுக்காக இலையை விட்டுவைக்கின்றன. கடைசியில் பறித்த தோட்டத்தை முதலில் பறிக்கிறார்கள். உறைந்த பழத்தைப் பிழிந்து செய்யும் ஐஸ்வைனுக்கு கழித்தல் 7 டிகிரி குளிராவது வேண்டும். 2019 விளைச்சலில் ஜெர்மனியின் 13 ஒயின் பகுதிகளில் ஒன்றில்கூட அது கைகூடவில்லை.

அவரிடம் விடைபெறும்போது, மெலிந்த பழைய பாணிக் காபினெட் வேண்டுமென்றால் எங்கே தேடலாம் என்று கேட்டேன். தன் ஒயினைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஸார், ரூவர் என்ற இரண்டு ஆறுகளின் பக்கப் பள்ளத்தாக்குகளுக்குப் போங்கள் என்றார். காற்று அதிகம் அடிக்கிற, அவருடைய தாத்தா காலத்தில் பத்து ஆண்டுக்குச் சில ஆண்டுகள்தான் ஒழுங்காகப் பழுத்த, யாரும் ஆசைப்படாத தோட்டங்கள். இப்போது அங்கே நிலம் வாங்கப் போட்டி. அவருடைய மகளும் ஒரு துண்டு வாங்கியிருக்கிறாராம்.